மெயின்டெய்னர் வழிவிடவில்லை என்றால்: ஃபோர்க்கா, புதிதாக எழுதுவதா? முழுமையான வழிகாட்டி

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை நம்பி வேலை செய்யும் எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்த முட்டுச்சந்துக்கு வந்து சேர்வார்கள். நல்ல பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) ஒன்றை எழுதி, அந்தத் திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னருக்கு அனுப்பியிருப்பீர்கள்; மாதக்கணக்கில் பதில் இருக்காது. இல்லையென்றால் "இது பக் இல்லை, வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறோம்" என்று ஒரே வரியில் மூடியிருப்பார்கள். சில இடங்களில் கேட்டவரையே கடிந்து அனுப்புவதும் நடக்கும். அப்போது இரண்டு எண்ணம் வரும். அந்த மென்பொருளின் சோர்ஸ் கோடை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடலாம்; இதைத்தான் ஃபோர்க் என்பார்கள். அல்லது, இந்தத் தலைவலியே வேண்டாம், நாமே முதலிலிருந்து எழுதிவிடலாம்.

இரண்டுமே சரியாக அமைந்த சந்தர்ப்பங்கள் வரலாற்றில் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் செய்ய முடியாது. உங்கள் சண்டை ஆட்களோடு என்றால் ஃபோர்க். உங்கள் சண்டை வடிவமைப்போடு என்றால் புதிதாக எழுதுவது. மெயின்டெய்னர் மேல் உள்ள கோபத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கோடைத் தூக்கிப்போட்டு எழுத உட்காருபவர்களும், அடித்தளமே சரியில்லாத கோடை ஃபோர்க் செய்துவிட்டு அதை முட்டுக்கொடுத்து நிறுத்தப் போராடுபவர்களும்தான் பாதி வழியில் நின்றுபோகிறார்கள்.

படி 1: பிரச்சினை எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

"அந்த மெயின்டெய்னர் ரொம்பக் கஷ்டம்" என்பதற்குள் பல நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, ஆளே இல்லை. பைத்தானின் பழைய பட லைப்ரரியான பிஐஎல் 2009ல் வந்த 1.1.7 பதிப்போடு நின்றுவிட்டது. அதிலிருந்து பிரிந்த பில்லோ இன்று எல்லோரும் பயன்படுத்தும் லைப்ரரி. இங்கே சண்டையே கிடையாது. காலியான இடத்தை ஒருவர் எடுத்து நடத்தினார், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஆள் இருக்கிறார், ஆனால் களைத்துப்போயிருக்கிறார். இதைத்தான் பலர் திமிர் என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். எக்ஸ்இசட் என்ற, ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருளின் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். கிட்டத்தட்டத் தனி ஆளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், 2022ல் முன்பின் தெரியாத கணக்குகளிலிருந்து "பேட்ச் ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேருங்கள்" என்று நெருக்கினார்கள். அப்படி உள்ளே வந்தவர் வழியாகத்தான் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே வர வழிவிடும் கோட்) நுழைந்தது. 2024 மார்ச்சில் அது வெளியே தெரிந்தது. எனவே, களைத்த மனிதரிடம் சாவியைக் கேட்டு நெருக்காதீர்கள். நீங்கள் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? உங்கள் பெயரில் ஃபோர்க் எடுத்து, விரும்புகிறவர்கள் வரட்டும் என்று விடுவது இருவருக்கும் நேர்மையான வழி.

மூன்றாவது, அவர் நியாயமாகவே மறுக்கிறார். உங்களுக்கு வேண்டிய வசதி மற்றவர்களுக்குச் சுமையாக இருக்கலாம். சேர்த்த ஒவ்வொரு வரியையும் நீங்கள் போன பிறகும் அவர்தான் காப்பாற்ற வேண்டும். இந்த மறுப்பை எதிரியாகப் பார்க்க வேண்டாம்.

நான்காவதுதான் உண்மையான முட்டுக்கட்டை: எல்லோரையும் விரட்டும் நிர்வாகம், ஒரே நிறுவனத்தின் கையில் சிக்கிய திட்டம், திடீரென்று மாறிய லைசென்ஸ்.

உங்களுடையது எது என்று தெரிய, மூடப்பட்ட கடைசி ஐம்பது புல் ரிக்வெஸ்ட்களை (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி வந்த கோரிக்கைகளை) உட்கார்ந்து படியுங்கள். எல்லோருடையதும் கிடக்கிறதா, உங்களுடையது மட்டுமா? மறுப்புகளில் காரணம் இருக்கிறதா? ஒரு மாலைநேர வேலைதான். இதைச் செய்யாமல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் எரிச்சலில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

படி 2: லைசென்ஸையும் பெயரையும் பாருங்கள்

ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் எதுவாக இருந்தாலும் ஃபோர்க் செய்யும் உரிமை உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நிபந்தனைகள் மட்டும் மாறும். எம்ஐடி, பிஎஸ்டி லைசென்ஸ்கள் என்றால் பழைய பதிப்புரிமைக் (காப்பிரைட்) குறிப்பை அப்படியே வைக்க வேண்டும். அப்பாச்சி 2.0ல் மாற்றிய ஃபைல்களில் மாற்றியதைக் குறிப்பிட வேண்டும். ஜிபிஎல்லில் மாற்றிய தேதியும் சேர்ந்து வரும், நீங்கள் வெளியிடுவதும் அதே லைசென்ஸில்தான் இருக்கும். மற்றவர்கள் எழுதிய கோடின் லைசென்ஸை நீங்கள் மாற்ற முடியாது.

மெயின்டெய்னர் பக்கம் லைசென்ஸ் மாறினால், பழைய லைசென்ஸில் வந்த கடைசிப் பதிப்பு வரை உங்களுக்குக் கிடைத்த உரிமை போய்விடாது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸின் லைசென்ஸ் மாறியபோது, பிஎஸ்டி லைசென்ஸில் இருந்த 7.2.4 பதிப்பிலிருந்து சில நாட்களிலேயே வால்கீ என்ற ஃபோர்க் பிரிந்தது இப்படித்தான்.

பெயர் வேறு விஷயம். கோடுக்கான லைசென்ஸ் டிரேட்மார்க்குக்குப் பொருந்தாது. தன் திருத்தங்களோடு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை வெளியிட்ட டெபியன் (லினக்ஸையும் மற்ற மென்பொருள்களையும் தொகுத்துக் கொடுக்கும் ஒரு விநியோகம்), பெயர்ச் சிக்கலால் 2006லிருந்து பத்து வருடம் அதை ஐஸ்வீசல் என்றுதான் அழைத்தது. 2011ல் ஹட்சன் திட்டத்தின் ஆட்கள் ஆரக்கிளோடு பெயர் தகராறு வந்ததும் ஜென்கின்ஸ் என்று மாற்றிக்கொண்டு போனார்கள். முதல் நாளே புதுப் பெயர், புது லோகோ என்று ஆரம்பித்துவிடுங்கள்.

புதிதாக எழுதுவதாக இருந்தாலும் லைசென்ஸிலிருந்து தப்ப முடியாது. பழைய கோடைப் பக்கத்தில் திறந்துவைத்து வரிக்கு வரி வேறு மொழியில் மாற்றினால் அது பழைய படைப்பின் வழி வந்ததாகவே கருதப்படும். டெஸ்ட்களை நகலெடுத்தாலும் அவற்றின் லைசென்ஸ் கூடவே வரும்.

படி 3: முதலில் பேட்ச்சை மட்டும் சுமந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஃபோர்க்குக்கும் புதிதாக எழுதுவதற்கும் முன்னால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: மூலத் திட்டத்தின் ஒவ்வொரு ரிலீஸின் மேலும் உங்கள் சில பேட்ச்களை ஒட்டிப் பயன்படுத்துவது. டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்கள் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களை இப்படித்தான் பார்த்துக்கொள்கின்றன.

ஒரு உதாரணம். சிஎஸ்வி (கமாவால் பிரித்த அட்டவணை) ஃபைல்களைப் படிக்கும் ஒரு லைப்ரரி, ஃபைலின் கடைசி வரிக்குப் பின்னால் நியூலைன் (வரி முடிவைக் காட்டும் குறி) இல்லையென்றால் அந்த வரியையே விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பத்துப் பன்னிரண்டு வரியில் திருத்தினீர்கள். மெயின்டெய்னர் "நியூலைன் இல்லாத ஃபைல் தவறான ஃபைல், அனுப்புகிறவரைத் திருத்தச் சொல்லுங்கள்" என்று மூடிவிட்டார். உங்களுக்கோ ஃபைல் அனுப்புகிறவர்கள் மேல் எந்த அதிகாரமும் இல்லை.

அந்தத் திருத்தத்தை ஏற்கெனவே இருக்கும் பெரிய ஃபங்ஷனுக்குள் அங்கங்கே தூவாதீர்கள். தனி ஃபைலில் ஒரு சின்ன ஃபங்ஷனாக எழுதி, பழைய கோடில் அதைக் கூப்பிடும் ஒரு வரியை மட்டும் சேருங்கள். மெயின்டெய்னர் அந்தப் பெரிய ஃபங்ஷனை நாளை எப்படி மாற்றினாலும் மோதப்போவது ஒரே ஒரு வரி. கமிட் செய்தியில் (மாற்றத்தைப் பதிவுசெய்யும்போது எழுதும் குறிப்பில்) மூன்று விஷயம் இருக்கட்டும்: ஏன் இந்தத் திருத்தம், மூலத் திட்டத்தில் எங்கே, எப்போது மறுக்கப்பட்டது, என்ன நடந்தால் இந்த பேட்ச்சைத் தூக்கி எறியலாம். இந்த மூன்றாவது முக்கியம். ஒரு வருடம் கழித்து வேறு ஒருவர் பார்க்கும்போது இது இன்னும் தேவையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கூடவே, நியூலைன் இல்லாத ஃபைலைப் படிக்கும் ஒரு டெஸ்ட். பேட்ச் தவறி விழுந்துவிட்டால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், மூலத் திட்டத்தின் முதன்மைக் கிளையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். புதுப் பதிப்பைக் குறிக்கும் ரிலீஸ் டேக் வரும்போது மட்டும் ரீபேஸ் செய்யுங்கள், அதாவது உங்கள் பேட்ச்களை அதன் மேல் மறுபடி ஒட்டுங்கள். கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் என்ற கருவியில் ரெரெரெ என்ற வசதியை இயக்கிவைத்தால் ஒரு மோதலை ஒருமுறை தீர்த்த விதத்தை அது நினைவில் வைத்து அடுத்தமுறை தானே தீர்க்கும். ரேஞ்ச்-டிஃப் கட்டளை, ரீபேஸுக்கு முன்னும் பின்னும் உங்கள் பேட்ச்கள் எப்படி மாறின என்று அருகருகே காட்டும்.

திருத்திய பதிப்பை உங்கள் அப்ளிகேஷனில் கொண்டுவர எதையும் வெளியிடத் தேவையில்லை. கோ மொழியில் ரீப்ளேஸ், ரஸ்டின் கார்கோவில் பேட்ச் பகுதி, என்பிஎம்மில் ஓவர்ரைட்ஸ் என்று இதற்கே வசதி இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இவை மூன்றும் மேல்மட்டத் திட்டத்தில் மட்டும்தான் வேலை செய்யும். நீங்கள் எழுதுவது பிறர் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் உங்கள் திருத்தம் அவர்களுக்குப் போய்ச் சேராது. உண்மையான, பெயர் வைத்த ஃபோர்க் தேவைப்படும் முதல் நியாயமான காரணம் இதுதான்.

இப்படி மூன்று ரிலீஸ் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்தில் முடிந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், நீங்கள் ஃபோர்க் செய்யவே வேண்டாம். நாள்கணக்கில் இழுத்தால், அல்லது பேட்ச்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அடுத்த படி.

லிப்ரெஆபிஸ் இந்தப் பாதையில் வந்ததுதான். ஓப்பன்ஆபிஸுக்குள் ஏறாத திருத்தங்களை கோ-ஓஓ என்ற பேட்ச் தொகுப்பாகப் பல வருடம் சுமந்தார்கள். பல லினக்ஸ் விநியோகங்கள் அதைத்தான் கொடுத்துவந்தன. 2010 செப்டம்பரில் லிப்ரெஆபிஸ் பிரிந்தபோது அந்தத் தொகுப்பு உள்ளே சேர்ந்துவிட்டது. அதாவது, பிரிந்த நாளன்றே வேலை தெரிந்த ஆட்களும், பழகிய கோடும், விநியோகிக்கும் வழியும் கையில் இருந்தன.

படி 4: கடைசியாக ஒருமுறை, தெளிவாகக் கேளுங்கள்

ஃபோர்க்கை அறிவிப்பதற்கு முன் மெயின்டெய்னருக்கு நேரடியாக எழுதுங்கள். மிரட்டல் தொனி வேண்டாம், குறைப்பட்டியலும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். இந்த நான்கு திருத்தங்களையும் ஒரு வருடமாக நாங்கள் தனியாகச் சுமந்துவருகிறோம். இவற்றை உங்கள் திட்டத்தில் சேர்ப்பதாக இருந்தால் டெஸ்ட்கள், ஆவணங்கள், பின்னால் வரும் பக்குகள் எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். சேர்க்க விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை. வேறு பெயரில் தனியாக வெளியிட நினைக்கிறோம். உங்கள் ரிலீஸ்களிலிருந்து தொடர்ந்து எடுத்துக்கொள்வோம், எங்கள் திருத்தங்களை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த மாத இறுதிவரை காத்திருக்கிறோம்."

பதில் வராமல் போகலாம். ஆனாலும் இந்தக் கடிதம் வீண் இல்லை. நாளை அவருடைய இடத்துக்கு வேறு ஒருவர் வரும்போது, இரண்டு பக்கமும் சேர்வதற்கான கதவு திறந்திருப்பதற்கு இதுவே சாட்சி.

படி 5: ஃபோர்க்கா என்று முடிவெடுங்கள்

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த பாதுகாப்புக் குறை வெளிவரும் இரவில் அதைச் சரிசெய்யப்போவது யார்? பெயர் சொல்ல முடிகிறதா? உங்கள் பெயர் மட்டும்தான் என்றால் பேட்ச் தொகுப்போடு இருங்கள். மூலத் திட்டத்தில் ஏற்கெனவே கமிட் செய்துகொண்டிருந்தவர்களில் சிலராவது உங்களோடு வருகிறார்கள் என்றால் ஃபோர்க் நிற்கும்.

ஜெயித்த ஃபோர்க்குகளை எடுத்துப் பாருங்கள். 1997ல் ஜிசிசி என்ற கம்பைலரிலிருந்து (கோடைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) பிரிந்த இஜிசிஎஸ்ஸில் கம்பைலர் எழுதுபவர்களே இருந்தார்கள். 1999 ஏப்ரலில் அதுவே அதிகாரப்பூர்வ ஜிசிசி ஆனது. ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓடவைக்கும் நோடிலிருந்து 2014 டிசம்பரில் பிரிந்த ஐஓ.ஜேஎஸ்ஸில் நோடின் முக்கியப் பங்களிப்பாளர்களே இருந்தார்கள்; 2015 செப்டம்பரில் வந்த நோட் 4.0 இரண்டும் இணைந்த பதிப்பு. இந்த இரண்டிலும் பழைய கோட் மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை, சண்டை நிர்வாகத்தோடுதான். அதனால்தான் நிர்வாகம் மாறியதும் திரும்பி வர முடிந்தது.

மாறாக நடந்ததும் உண்டு. 2011ல், வீடியோவையும் ஒலியையும் கையாளும் எஃப்எஃப்எம்பெக் இரண்டாக உடைந்து லிப்ஏவி பிறந்தது. டெபியனும் உபுண்டுவும் லிப்ஏவி பக்கம் போயின. ஆனால் எஃப்எஃப்எம்பெக் பக்கம் ஒரு காரியம் விடாமல் நடந்தது: லிப்ஏவியில் வரும் மாற்றங்களைத் தொடர்ந்து தன்னோடு மெர்ஜ் செய்துகொண்டே இருந்தார்கள். எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்துகிறவருக்கு இரண்டு பக்கத்து வேலையும் கிடைத்தது, லிப்ஏவி பயன்படுத்துகிறவருக்குப் பாதிதான். 2015ல் டெபியன் திரும்பிவிட்டது; லிப்ஏவி பின்னாளில் நின்றேபோனது. எதிர்ப்பக்கத்துத் திருத்தங்களைக் கௌரவம் பார்த்து எடுக்காமல் விடும் ஃபோர்க்குக்கு நஷ்டம்தான். போதாததற்கு இரண்டு பக்கத்து லைப்ரரிகளுக்கும் ஒரே பெயர் இருந்ததால், இரண்டையும் ஒரே கணினியில் வைப்பதே பெரும்பாடாக இருந்தது.

படி 6: ஃபோர்க்கைத் திரும்பும் வழியோடு எடுங்கள்

கிட் வரலாறு முழுவதையும் வைத்துக்கொள்ளுங்கள். "சுத்தமாக ஆரம்பிக்கிறோம்" என்று ஒரே கமிட்டில் எல்லாவற்றையும் கொட்டினால் யார் எதை ஏன் எழுதினார்கள் என்ற தடயமே அழிந்துவிடும், பிறகு எந்த மெர்ஜும் ஒழுங்காக நடக்காது.

முதல் மாதத்தில் கோடை அழகுபடுத்தாதீர்கள். இண்டென்டேஷனை மாற்றுவது, ஃபைல்களை நகர்த்துவது, வேரியபிள் பெயர்களைத் திருத்துவது என்று கை துறுதுறுக்கும். ஒவ்வொன்றும் மூலத் திட்டத்திலிருந்து திருத்தம் எடுப்பதைக் கடினமாக்கும். என்றைக்கும் திரும்பப்போவதில்லை என்று உறுதியான பிறகு செய்துகொள்ளலாம்.

திருத்தங்களை எடுப்பதை ஒரு முறையான வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் விம் என்ற எடிட்டரின் ஃபோர்க்கான நியோவிம் செய்வது பின்பற்றத்தக்கது. விம்மில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பேட்ச் எண் உண்டு. நியோவிம்காரர்கள் ஒன்றைக் கொண்டுவரும்போது கமிட் செய்தியில் அந்த எண்ணைப் போடுகிறார்கள்; எந்த எண்கள் இன்னும் வரவில்லை என்று பட்டியல் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள். எதை எடுத்தோம், எதை வேண்டாம் என்று விட்டோம், எதை இன்னும் பார்க்கவில்லை என்று எந்த நாளும் சொல்ல முடிகிறது. இத்தனைக்கும் அது உள்ளே பெரிய பகுதிகளையே மாற்றி எழுதிய ஃபோர்க். அதன் அழுத்தம் மூலத்துக்கும் நல்லது செய்தது என்றே நினைக்கிறேன்: பின்னணியில் வேலைகளை ஓடவிடும் வசதி 2016ல் விம் 8.0லும் வந்துவிட்டது.

பாதுகாப்பில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. பெயர் மாறிய பேக்கேஜைக் குறை தேடும் கருவிகளுக்கு அடையாளம் தெரியாது. மூலத்தில் குறை இருந்தாலும் உங்கள் ஃபோர்க்கைச் "சுத்தம்" என்று சொல்லிவிடும். மூலத் திட்டத்தின் அறிவிப்புகளை நீங்களே படித்து, உங்கள் கோடில் அது இருக்கிறதா என்று சோதித்து, உங்கள் பெயரில் அறிவிக்க வேண்டும். இரண்டாவது, வெளியிடுவதற்கு முன்னால் ரகசியமாகப் பகிரப்படும் தகவல் உங்களுக்கு வராது. 2014 ஜூனில், இணையத் தொடர்பை என்கிரிப்ட் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் குறைகள் வெளியானபோது, அதிலிருந்து இரண்டு மாதம் முன்பு பிரிந்திருந்த லிப்ரெஎஸ்எஸ்எல்லுக்கு முன்தகவல் கிடைக்கவில்லை. அதற்கான பட்டியல்களில் சேருவதும், குறைகளைத் தெரிவிக்க ஒரு முகவரி வைப்பதும் முதல் வாரத்து வேலைகள்.

படி 7: புதிதாக எழுதுவது எப்போது, எப்படி

கோட் அசிங்கமாக இருக்கிறது என்பது காரணம் ஆகாது. உங்களுக்கு வேண்டியதைப் பழைய அடித்தளத்தின் மேல் கட்டவே முடியாது என்று காட்ட முடிந்தால் மட்டும் எழுதுங்கள். லினக்ஸ் ஒலி அமைப்பில் பைப்வயர் அப்படி வந்தது. சாதாரண ஒலி, இசைக்கலைஞர்களுக்கு வேண்டிய மிகக் குறைந்த தாமதம், வீடியோ மூன்றையும் ஒரே இடத்தில் கையாள, அதற்கு முன் இருந்த பல்ஸ்ஆடியோவை நீட்டியிருக்க முடியாது. அது ஏற்கப்பட்டதற்குக் காரணம், பல்ஸ்ஆடியோவின் அதே புரோட்டோகாலை (அப்ளிகேஷன்களோடு பேசும் முறையை) அதுவும் பேசியது. 2021ல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் விநியோகம் அதற்கு மாறியபோது அப்ளிகேஷன்களை யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

நெட்ஸ்கேப் பிரவுசர் இதற்கு எதிர்ப்பக்கம். 1997ல் 4.0 வந்தது. 1998ல் பழைய கோடை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத முடிவெடுத்தார்கள். 5.0 வரவே இல்லை, 2000 நவம்பரில்தான் நெட்ஸ்கேப் 6 வந்தது. இடைப்பட்ட காலத்தில் சந்தை கைமாறிவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும் வருடங்களில் பழையதைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

பழைய கோடைப் படிக்கும்போது இப்படி ஒன்று கண்ணில் படும்: இணைப்பிலிருந்து வந்த தரவின் நீளம் பூஜ்யம் என்றால் 50 மில்லிசெகண்ட் காத்திருந்து இன்னொரு முறை படி. கமென்ட் எதுவும் இருக்காது. குப்பை என்று தோன்றும். கிட் பிளேம் (ஒரு வரி எந்த கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) போட்டு அந்த வரி வந்த கமிட்டுக்குப் போனால், ஏதோ ஒரு பழைய சர்வர் ஹெடரை அனுப்பிவிட்டு மூச்சு வாங்கும், அந்த நேரத்தில் இணைப்பை மூடினால் தரவு போய்விடும் என்று எழுதியிருக்கும். பத்து வருடம் ஓடிய மென்பொருளில் இந்த மாதிரி வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். புதிதாக எழுதும்போது இவை அத்தனையும் காணாமல் போகும். பிறகு ஒவ்வொன்றும் பக் ரிப்போர்ட்டாகத் திரும்பி வரும்.

அதனால் கோடுக்கு முன்னால் நடத்தையைச் சேகரியுங்கள். பழையது உண்மையில் ஓடும் இடத்தில் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவைப் புதியதற்குக் கொடுத்து, வெளிவருவதை ஒப்பிடுங்கள். வேறுபாடு ஒவ்வொன்றையும் "இது தவறு" அல்லது "இது வேண்டுமென்றே" என்று எழுதிவையுங்கள். ஃபைல் வடிவமும் புரோட்டோகாலும் பழையதாகவே இருக்கட்டும். புதியதில் சிக்கல் வந்தால் பயனர் அன்றைக்கே பழையதற்குத் திரும்ப முடிய வேண்டும்.

பெரும்பாலான குழுக்களுக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பொருத்தமாக இருக்கும்: ஃபோர்க் எடுத்து, உள்ளேயே ஒரு பகுதியைப் பிரித்து மாற்றி எழுதி, வெளியிட்டு, அடுத்த பகுதிக்குப் போவது. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் கையில் ஓடும் மென்பொருள் இருக்கும். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

படி 8: முடிக்கவும் தெரிந்திருங்கள்

லினக்ஸ் மென்பொருள்களின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் நிர்வாகத்தோடு ஒத்துப்போக முடியாமல் 2009ல் டெபியன் அதன் ஃபோர்க்கான இஜிலிப்சிக்கு மாறியது. அது மூலத்தோடு பொருந்திப்போவதைக் கைவிடவே இல்லை. 2012ல் ஜிலிப்சியின் வழிநடத்தும் குழு கலைக்கப்பட்டு வேலை சமூகத்தின் கைக்கு வந்தது. இஜிலிப்சியின் திருத்தங்கள் ஒவ்வொன்றாக மூலத்தில் ஏறின, 2014ல் டெபியன் ஜிலிப்சிக்கே திரும்பியது. பிரியக் காரணமாக இருந்தது தீர்ந்ததும் ஃபோர்க்கை மூடினார்கள்.

உங்கள் ஃபோர்க்கின் காரணம் தீர்ந்துவிட்டதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள். தீர்ந்துவிட்டால், அல்லது உங்களுக்கு நேரம் இல்லாமல் போனால், கடைசியாக ஒரு ரிலீஸ் விடுங்கள்: எதற்கு மாற வேண்டும், எப்படி மாற வேண்டும், எந்தத் திருத்தம் மூலத்தில் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று அதில் எழுதுங்கள். ரெப்போவை (கோட் சேமித்திருக்கும் இடத்தை) ஆர்கைவ் செய்யுங்கள், அதாவது படிக்க மட்டும் விட்டுவையுங்கள்; அழிக்காதீர்கள். "நான் எடுத்து நடத்துகிறேன்" என்று கேட்டு வரும் முகம் தெரியாதவருக்கு பேக்கேஜ் பெயரைக் கொடுக்க வேண்டாம். உங்களை நம்பி நிறுவியவர்கள் கணினியில் அவர் எதை வேண்டுமானாலும் ஓடவிட முடியும். அவர் விரும்பினால் புதுப் பெயரில் ஃபோர்க் செய்துகொள்ளட்டும்.